மூடிய லெவலின் கம்பி

ரேடியோவை அணைத்து, ஆம்ப்ளிஃபையரின் வால்வுகள் இருண்டு குளிர்ந்த பிறகும், குணசுந்தரியின் காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் ஏதோ ஒரு சத்தம் மிச்சமிருந்தது. பாட்டு இல்லை. எங்கோ ஆழத்தில், பெரிய வெறுமைக்குள் தண்ணீர் சொட்டுவது போல.

அவள் அலுப்போடு கண்ணை மூடிக்கொண்டாள். புருஷனுக்கு ராத்திரி ஷிஃப்ட் வாரம் வந்தால் பகல் முழுக்கப் பாத்திரத்துக்குக்கூட வாயைக் கட்ட வேண்டும். தட்டிச் சுவர் வைத்த லைன் வீட்டில் ஒரு கரண்டி விழுந்தால் நாலு வீட்டுத் தூக்கம் போகும். கல்யாணமான நாளிலிருந்து கிசுகிசுத்தே பேசிப் பேசி, தன் குரல் எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

அதைப் பார்த்துத்தான் சுரங்கத்தில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் அவள் புருஷன் தம்மபாலன், போன ஞாயிற்றுக்கிழமை இந்த வேலையைச் செய்து கொடுத்தான். கூரையோரம் நாலு சுவரையும் சுற்றிக் கம்பி இழுத்து, முனைகளை ஸ்பீக்கருக்குப் பதிலாக ஆம்ப்ளிஃபையரில் கொடுத்தான். பழைய ஹெட்போனின் வயரை வெட்டிவிட்டு, அதில் மெல்லிய செம்புக்கம்பியைச் சுருளாகச் சுற்றினான். அந்த வளையத்துக்குள் அவள் எங்கே நடந்தாலும், வயர் எதுவும் இல்லாமல், பாட்டு அவள் காதுக்கு மட்டும் வந்தது.

“ஏதுங்க இவ்ளோ கம்பி?”

“ஏர் பிளாஸ்ட்ல மூடின லெவலோட டெலிபோன் லைனு. சும்மா தொங்கிகினு கெடந்துச்சு, இழுத்தாந்துட்டேன். நீ பாட்டு கேளு, நான் தூங்கறேன்.”

பாறை வெடித்துச் சரிந்த அந்த லெவலுக்குள், அந்தச் சுரங்கத் தளத்துக்குள், வெளியே எடுக்க முடியாமல் போனவர்கள் இருக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். அவள் ரேடியோவின் குமிழைத் திருகினாள்.

இப்போது கட்டிலில் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். வெயிலில் கூரைத் தகரம் முறுக்கிக்கொள்ளும் சத்தம், அடுப்பில் அவள் கிண்டிக்கொண்டிருந்த ரசத்தின் வாசனை, வாசலில் ஒரு கோழி. காதுக்குள் மட்டும் வேறு ஏதோ இடம். சொட்டுவது நின்றது. இரும்புக் குழாயில் யாரோ தட்டினார்கள். இரண்டு தட்டு. நிதானித்து, ஒரு தட்டு.

குணசுந்தரி சுரங்கத் தொழிலாளியின் மகள். பாறைக்குப் பின்னால் தட்டும் சத்தம் கேட்டால் அதே மாதிரி திருப்பித் தட்ட வேண்டும். சிக்கியவர்களுக்கு அதுதான் உயிர். நடக்கப் பழகும் முன்பே கேட்டு வளர்ந்த வழக்கம். யோசிப்பதற்குள் கையிலிருந்த கரண்டி அடுப்போரத்துத் தண்ணீர்க் குழாயைத் தட்டிவிட்டது. இரண்டு. பிறகு ஒன்று.

ஹெட்போன் அமைதியானது. அப்புறம் மூச்சு. ஒருவருடையது இல்லை, பலருடையது.

அந்த வழக்கத்தில் இன்னொரு பாதி உண்டு. அது அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பதில் தட்டியவர்கள் ஆள் அனுப்பியே ஆக வேண்டும்.

இந்த வீட்டில் அவளைத் தவிர இருப்பது ஒரே ஆள்.

ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜின் மணி அடித்தது. காதுக்குள். கயிறு ஓடியது. ஈரப் பாறை வாசனையும் வெடிமருந்து நெடியும் ரசத்தின் மேல் ஏறி வந்தன. அவள் கட்டிலருகே ஓடினாள்.

“இன்னாங்க... எழுந்துருங்க.”

கிசுகிசுப்புத்தான் வந்தது. கத்த வரவில்லை.

அவன் தோளை உலுக்கினாள். தலை மட்டும் ஆடியது. ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு நெஞ்சில் காதை வைத்தாள். ஒன்றுமில்லை. கை வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

தரையில் கிடந்த ஹெட்போனில் யாரோ இருமினார்கள். தினமும் காலையில் அவன் இருமும் இருமல். கீழே, இன்னும் கீழே போய்க்கொண்டிருந்தது.

போர்வை விலகியிருந்தது. காலையில் குளித்துவிட்டுப் படுத்தவனின் உள்ளங்கால்களில் ஈரமான சாம்பல் நிறச் சேறு. அவள் பார்க்கப் பார்க்க அது கணுக்காலுக்கு ஏறியது.

பிறகு ஹெட்போனுக்குள் குழாயில் தட்டும் சத்தம். இந்த முறை அவன் தட்டினான்.

இரண்டு. நிதானித்து, ஒன்று.

பதில் தட்டினால் அனுப்ப இந்த வீட்டில் இனி அவள் மட்டும்தான். கரண்டி அவள் கையில்தான் இருந்தது.