கதவுக்குக் கொடுத்த நேரம்

கணினித் திரையின் மூலையில் இருந்த கடிகாரம் இரவு ஒன்பது மணி என்றது. றெனோல்டின் கைக்கடிகாரமோ பிற்பகல் நான்கைத்தான் காட்டியது.

மொன்றியலின் சென்ட் லோரன்டில் இருந்த அந்த மருந்துக் களஞ்சியத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரே வேலை செய்தனர்: கணினிகளைப் பராமரிக்கும் றெனோல்டும், உறைகுளிர் அறையில் தடுப்பூசிப் பெட்டிகளை அடுக்கும் அவன் மனைவி செலீனும். தேவாலயத்தின் மாலைத் தமிழ்ப் பூசைக்குச் சேர்ந்தே போகலாம் என்பதற்காக அந்த நாளைக் கேட்டு வாங்கியிருந்தனர். வெளியே சனவரி வெளிச்சம் நீலம் பாரித்து வற்றிக்கொண்டிருக்க, தாழ்வாரத்தில் ஈர அட்டையின் வாடையும், சுவருக்குள் இடைவிடாது உறுமும் குளிரூட்டிகளின் ஓசையும் வழக்கம்போலவே நிறைந்திருந்தன.

அன்று அவன் விண்டோஸ் கணினியில் ஒரு கட்டளை ஷெல்லை, கட்டளைகளைத் தட்டச்சு செய்து நிரல்களை இயக்கும் கறுப்புச் சாளரத்தை, நிறுவியிருந்தான். செலீன் உள்ளே போன சிறிது நேரத்தில், கதவுகளை ஆளும் நிரலையும் அந்தக் கறுப்புச் சாளரத்திலிருந்தே மீண்டும் இயக்கினான். தவறு அதுதான். ஒரு ஷெல் தன் சூழல் மாறிகளை, அதாவது தான் வைத்திருக்கும் பெயர்களையும் அவற்றின் மதிப்புகளையும், தான் இயக்கும் ஒவ்வொரு நிரலிடமும் கொடுத்தனுப்புகிறது. நேர வலயத்துக்கான பெயரைக் கதவு நிரலும் வாசித்தது. மதிப்பு விளங்காமல், மொன்றியல் நேரத்தை விட்டு ஐந்து மணி நேரம் முன்னே போய்விட்டது. ஒரு பெயரை ஒவ்வொரு நிரலும் தன் விருப்பப்படி வாசிக்கட்டும் என்று விட்டுவைத்தவர்கள் எங்கோ நிம்மதியாக இருந்தனர்.

இரவு எட்டு மணிக்குப் பிறகு அந்த நிரல் உறைகுளிர் அறையைக் காலைவரை திறக்கவிடாது. உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி உடைந்து, திருத்துநருக்காகக் காத்திருந்தது.

இன்டர்கொம் கரகரத்தது.

"இஞ்சாருங்கோ, கதவு பூட்டுப்பட்டுப் போச்சு. உங்கட கறுப்புப் பெட்டி செய்த வேலையே?" செலீனின் குரலில் சிரிப்பு இருந்தது.

"ஓம், என்ர பிழைதான். கொஞ்சம் பொறும்."

பஸ் தரிப்பிடத்தை விட இங்கே குளிர் குறைவுதான், ஆனாலும் பூசைக்குப் பிந்தினால் பங்குச் சுவாமிக்கு அவனே பதில் சொல்லவேண்டும் என்றாள்.

ஷெல்லில் அந்த மதிப்பை அவன் திருத்தினான். கதவு நிரலின் கடிகாரம் அசையவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் நிரல், தொடங்கும்போது பெற்றதையே கடைசிவரை வைத்திருக்கும். வெளியிலிருந்து எவராலும் அதை மாற்ற இயலாது. நிறுத்தி, மறுபடி இயக்கவேண்டும்.

இன்டர்கொம் மீண்டும் கரகரத்தது.

"எங்க போனனீங்கள்?" சொற்கள் தடித்திருந்தன, ஒவ்வொன்றுக்கும் இடையில் நீண்ட மூச்சு. "எவ்வளவு நேரமாத் தட்டுறன். கையில உணர்ச்சியில்லை."

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். முன்பு பேசி முடித்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அழைத்தான். அவள் கேட்டதாகத் தெரியவில்லை. விளக்கு எப்போதோ அணைந்துவிட்டது என்றாள். பூசை முடிந்திருக்கும் என்றாள். நித்திரை வருகிறது என்றாள்.

அவன் நிரலை நிறுத்தினான்.

குரல் பாதிச் சொல்லில் அறுந்தது.

இம்முறை ஷெல்லைத் தொடாமல், மேசைத்திரையில் இருந்த நிரலின் சின்னத்தைச் சொடுக்கி அதை இயக்கினான். கடிகாரம் நான்கைக் காட்டியது. சரியான நேரம். தாழ்வாரத்தின் முடிவில் பூட்டு விடுபடும் ஓசை கேட்டது. ஓடினான். கனத்த கதவை இழுத்தான்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெட்டிகள். பாதி ஏற்றிய தள்ளுவண்டி. வெறும் தரை.

செலீன் இல்லை.

பெயர் சொல்லிக் கூப்பிட்டான். உறைந்த காற்று அதை விழுங்கிற்று. அறைக்கு வேறு வாசல் இல்லை. ஐந்து மணி நேரம் முன்னே போன அந்த நிரலை அவன்தான் நிறுத்தினான். அவள் அந்த நிரலின் நேரத்துக்குள் இருந்தாள்.

கதவு அவன் கையில் அகலத் திறந்திருந்தது. அதன் சிறு கண்ணாடியின் உட்புறத்தில், ஒரு முகத்தின் உயரத்தில், மூச்சு படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது. ஒரு விரல் அதைக் குறுக்கே துடைத்தது. கண்ணாடிக்கு முன் எவருமில்லை.

மீண்டும் ஒரு படிவு. சிறியது.

இன்னும் சிறியது.

கடைசியாகப் படிந்தது மறையவில்லை. வெண்ணிறமாய் உறைந்து, அங்கேயே நின்றது.