டான் அன்செல்மோவின் வலது பூட்ஸ்

டான் அன்செல்மோ இன்றும் கால் கழுவாமல் நழுவிவிட்டார். இது மூன்றாவது தீவு.

பள்ளி விடுமுறைக்குக் கப்பலில் வந்திருந்த சிசாவுக்குச் சந்தேகம் வலுத்தது. பதினாறு பயணிகள் மட்டும் போகும் சிறிய கப்பல் அது. அவள் அம்மா லுஸ்மிலாதான் வழிகாட்டி.

கடல்சிங்கங்களைப் பார்த்துவிட்டு ரப்பர் படகில் திரும்பியதும், கப்பலின் பின்பக்கம் மாலுமி வாஷிங்டன் தண்ணீர்க் குழாயோடு நிற்பான். எல்லாரும் காலை நீட்ட வேண்டும். ஒரு தீவின் மணலோ விதையோ அடுத்த தீவுக்குப் போகக் கூடாது. போனால் அம்மாவின் வழிகாட்டி உரிமம் பறிபோகும்.

கீட்டோ நகரத்திலிருந்து வந்த தையல்காரர் அன்செல்மோவை எல்லாரும் மரியாதையாக 'டான்' என்பார்கள். அவர் மட்டும் பூட்ஸைக் கழற்றுவதே இல்லை. அறையில் கழுவிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

பூட்ஸுக்குள்ளே இகுவானாக் குட்டியை, அந்தத் தீவுப் பல்லியை, ஒளித்துக் கடத்துகிறாரோ? வாஷிங்டனிடம் கேட்டாள். தங்கமாக இருந்தால் தனக்குப் பாதி வேண்டும் என்றான் அவன்.

மதியச் சாப்பாட்டில் சிசா வேண்டுமென்றே கரண்டியைக் கீழே போட்டாள். எடுக்கும் சாக்கில் அவருடைய வலது பூட்ஸைத் தட்டினாள். 'டொக்' என்றது. அவரோ எதுவும் தெரியாதவராகப் பொரித்த வாழைக்காயை மென்றுகொண்டிருந்தார்.

அவர் எழுந்து போன வழியெல்லாம் மணல் உதிர்ந்திருந்தது. சிசா அதைத் தொடர்ந்து மேல்தளத்துக்குப் போனாள்.

அங்கே அவர் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். வலது முழங்காலுக்குக் கீழே இருந்தது செயற்கைக் கால்.

"பாத்துட்டியா?"

"இகுவானாக் குட்டின்னு நெனச்சேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. உடனே குரலைத் தாழ்த்தினார். "அம்மாகிட்ட சொல்லிடாத, கண்ணு. நாளைக்கு பெர்னாந்தினா தீவு. எரிமலைப் பாறை. இந்தக் காலப் பாத்தா என்னை இறங்க விடமாட்டாங்க. அந்தப் பறக்காத நீர்க்காகத்தப் பாக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்."

சிசா அந்தக் காலையே பார்த்தாள். செதுக்கிய விரல்களுக்கிடையே இரண்டு முள்விதைகள்.

போய் வாளியும் பிரஷும் கொண்டுவந்தாள். உட்கார்ந்து தேய்த்தாள். விதைகளைக் காகிதத்தில் மடித்தாள்.

"இத அம்மாகிட்ட குடுத்தே ஆகணும். நீங்களே குடுங்க. நான் கூட வரேன்."

அவர் காகிதத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு பூட்ஸை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

அவர் காகிதத்தைக் கொடுத்துக் காலையும் காட்டியதும் அம்மாவின் முகம் இறுகிப்போனது. விதைகளைப் பார்த்தாள், அவர் காலைப் பார்த்தாள். பாறை வழுக்கும், வேண்டாம் என்றாள்.

"மூணு தீவுல அவர் ஒரு தடவைகூட விழலம்மா," என்றாள் சிசா. "நான் ரெண்டு தடவ விழுந்தேன். என்னைக் கூட்டிட்டுத்தானே போறீங்க?"

அம்மா அவர் பக்கம் திரும்பினாள். வரலாம், ஆனால் கைத்தடியோடு தன் பின்னாலேயே வர வேண்டும், திரும்பியதும் முதல் ஆளாகக் கால் கழுவ வேண்டும் என்றாள்.

மறுநாள் நீர்க்காகம் தன் குட்டை இறக்கைகளை விரித்து வெயிலில் காயவைத்தது. அவர் கைத்தடியை ஊன்றி, அது கடலுக்குள் குதிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

கப்பலுக்குத் திரும்பியதும் முதல் ஆளாகப் பூட்ஸைக் கழற்றி வலது காலை நீட்டினார். வாஷிங்டன் குழாயைப் பிடித்தபடி விழித்தான்.

"பயப்படாத தம்பி, அதுக்குக் கிச்சுகிச்சு தெரியாது. நல்லா அடி," என்றார் அன்செல்மோ.

சிசா பிரஷோடு தயாராக நின்றாள்.