அமரர் ராமச்சந்திரன் டீ குடிக்கிறார்

டெலிபோன் அலறியது.

லோஷினி எடுத்தாள்.

"பொணத்த எத்தன மணிக்குமா எடுக்குறாங்க?"

"யாரு பொணம்...?"

"உங்க முதலாளிதான். ஈமெயில்ல பாத்தேன்."

கண்ணாடிக் கதவு வழியே எட்டிப் பார்த்தாள். கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் அச்சடித்தே மூவார் ஊரில் பேர் வாங்கிய ராமச்சந்திரன், உள்ளே ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

கடை ஈமெயில் எல்லாம் அவர் பெயரில்தான் போகும். காலையிலிருந்து போன அத்தனையின் அடியிலும்...

அமரர் ராமச்சந்திரன்!

பெயருக்கு முன்னால் பட்டம் சேர்க்கும் ஆட்-இன் என்ற குட்டி மென்பொருளை ஈமெயிலில் ஒட்டவைத்தவள் லோஷினி. சீக்கிரமே தனக்குச் சுல்தான் தரும் டத்தோ பட்டம் கிடைக்கும் என்று அவர் நச்சரித்ததால், பட்டத்தை மாற்றிக்கொள்ள நேற்றுதான் ஒரு ஸெட்டிங்ஸ் பக்கமும் சேர்த்திருந்தாள்.

முதலாளி கை கழுவிவிட்டு வந்து அவள் திரையை எட்டிப் பார்த்தார்.

"என்னைய எவன் கொன்னான்னு மத்தியானத்துக்குள்ள கண்டுபிடி. இல்லன்னா நாளைக்கு வேலைக்கு வராத."

அவளை நிரந்தரமாக்கும் கடிதம் அவர் மேஜையில் கையெழுத்தாகாமல் கிடந்தது. பாவம், இதற்காக ஆறு மாதம் நாயாய் உழைத்திருந்தாள்.

முதல் சந்தேகம் கணக்கர் ஹேமநாதன் மேல். சம்பள உயர்வு கேட்டுத் திட்டு வாங்கியவர். ஸெட்டிங்ஸ் பக்கம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது என்று குலசாமி மேல் சத்தியம் செய்தார்.

லோஷினி அந்தப் பக்கத்தைத் திறந்தாள். அமரர், திரு, டத்தோ... யாரும் எதையும் தேர்ந்தெடுக்கவே இல்லை!

அப்படியானால்...?

யாரும் தொடாவிட்டால் பட்டியலில் முதலில் இருப்பதையே ஆட்-இன் எடுத்துக்கொள்ளும். கடையில் அதிகம் அச்சாகிற பட்டமாயிற்றே என்று அமரரை முதலில் வைத்தது...

சாட்சாத் லோஷினி!

உள்ளே போனாள்.

"பாஸ்... உங்களக் கொன்னது நான்தான்."

அவர் வாயைத் திறப்பதற்குள் கதவு படாரென்று திறந்தது.

தங்கராஜு! கோவில் தேர்தலில் முறைத்துக்கொண்டு, வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தையே இல்லாத பால்ய சினேகிதன். கையில் ஆளுயர மாலை.

"என்னைய விட்டுட்டுப் போயிட்டியேடா ராமா..." என்று குரலெடுத்தவர், டீயும் கையுமாக நின்ற பிணத்தைப் பார்த்தார். மாலை நழுவி விழுந்தது. முதுகில் நாலு அடி வைத்துவிட்டுக் கட்டிப்பிடித்து அழுதார். முதலாளியும் அழுதார்.

கண்ணைத் துடைத்த கையோடு முதலாளி கடிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

லோஷினிக்கு உயிர் வந்தது. "அமரர இப்பவே எடுத்துடறேன் பாஸ்."

"அவசரப்படாத லா. பொந்தியான்ல இருக்குற என் மச்சானும் எங்கூடப் பேசறதில்ல. அவன் வந்து அழுதுட்டுப் போகட்டும், அப்பறமா உயிர் குடு."