யாருக்கு எந்த வாயு

மகிழரசியின் எடை பதினெட்டு கிலோ. அதைப் பன்னிரண்டாக்கத்தான் அவள் இரைப்பையை வெட்டப் போகிறார்கள்.

சந்திரனில் எல்லாமே ஆறில் ஒரு பங்குதான். முட்டி வலிக்காது, மூச்சு வாங்காது, நாற்காலிகூட முனகாது. ஆனால் நிலாத்தளக் குடியிருப்போர் நலச் சங்கம் ஆளைப் பார்த்த மாத்திரத்தில் மனசுக்குள் ஆறால் பெருக்கிவிடும். சுமை கூடும் என்று என்னென்னவோ சாமான்களைப் பூமியிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள், இந்த ஒரு கணக்கை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்கள்.

தங்கும் உரிமத்தை நீட்டிக்கச் சங்கத் தலைவரின் கையெழுத்து வேண்டும். எடை குறைந்தால்தான் போடுவேன் என்றுவிட்டார் அவர். இல்லையென்றால் அடுத்த கப்பலில் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். மகிழரசி காற்றுச் சுத்திகரிப்புப் பொறியாளர். தளத்து ஜனங்கள் விடுகிற மூச்சை வடிகட்டி அவர்களுக்கே திருப்பித் தருகிறவள். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். முட்டி மோதி வாங்கிய வேலையை வயிற்றைக் காட்டிப் பிடுங்குவார்கள் என்றால், வயிறே போய்த் தொலையட்டும் என்று அறுவைக் கட்டிலில் படுத்துவிட்டாள்.

எந்த வாயுவால் மயக்குவது என்பதில்தான் சிக்கல். மூடிய தளம், எல்லாருக்கும் ஒரே காற்று. அதனால் அதையும் சங்கம்தான் முடிவு செய்யும். சங்கத்தார் ஐந்து பேர் கட்டிலைச் சுற்றி நின்றார்கள்.

"செனான் என்றால், நிறுத்தியதும் சீக்கிரம் விழித்துவிடுவார்," என்றது மயக்குநர். மயக்கம் கொடுக்கிற இயந்திரத்துக்கு அங்கே அதுதான் பெயர். "பழைய ஐசோஃபுளூரேன் கொழுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். கிளம்ப நேரமாகும். தெளிவதற்குள் மூச்சுத் திணறலாம்."

"செனான் கப்பல் எஞ்சினுக்கு வேணும்," என்றார் தலைவர் தண்டபாணி. "ஐசோவே கொடு. தூங்கற நேரமாவது சாப்பிடாம இருப்பா."

செயலாளர் ஜெசிந்தா முகம் சுளித்தாள். "அண்ணே, அது அவ மூச்சுல வந்துட்டே இருக்குமாம். நாமளும் இழுக்கணுமா?"

"வடிகட்ட ஆள் இருக்குல்ல?"

"அந்த ஆள்தானே இங்க படுத்திருக்கு."

"என்னையும் ஒரு வார்த்தை கேக்கலாம்ல?" என்றாள் மகிழரசி.

"உன் நல்லதுக்குத்தாம்மா பேசிட்டிருக்கோம். குறுக்க பேசாதே."

மயக்குநர் அவள் பக்கம் குனிந்தது. "ஒரு விவரம் பாக்கி. உங்களுக்கு என்ன அவதி?"

"எனக்கு ஒண்ணுமில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், எலும்பு எல்லாம் நீயே பாத்தியே."

"பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கின்றன. அப்படியானால் அவதி யாருக்கு?"

"எங்களுக்குத்தான்," என்றார் தண்டபாணி. "தினம் எதிர்ல வர்றா. பாத்தாலே மனசு பதறுது."

"எனக்குச் சோறே இறங்கலை," என்றாள் ஜெசிந்தா. மற்ற மூவரும் ஆமாம் போட்டார்கள்.

"புரிந்தது. அவதிப்படுகிறவருக்கே மயக்கம். அதுதான் என் முதல் விதி."

மகிழரசியின் முகத்தில் முகமூடி ஏறியது. அதில் வெறும் ஆக்சிஜன். அறைக்கதவு சாத்திக்கொண்டது. சுவரோரத் துளைகளிலிருந்து, சங்கம் தேர்ந்தெடுத்த அதே ஐசோ சீறியது. நிலவில் விழுவதுகூட மெதுவாகத்தான். கொடியிலிருந்து நழுவிய துணிகள் மாதிரி ஐவரும் ஆடி அசைந்து தரைக்கு வந்தார்கள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவளைப் பற்றி யாரும் எதுவும் பேசாமல் இருந்தார்கள்.

அவர்கள் விழித்தபோது மகிழரசி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். வயிற்றில் கீறல் இல்லை. ஒரு கிராம்கூடக் குறைந்திருக்கவில்லை.

"முடிஞ்சுதா?" என்றார் தண்டபாணி, தலையைப் பிடித்துக்கொண்டு.

"சிகிச்சை முடிந்தது," என்றது மயக்குநர்.

அவள் உரிமத் தாளைத் தலைவரிடம் நீட்டினாள். பேனாவைத் திறந்தவர் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பேனாவை மூடினார்.

"என்னம்மா இப்படி இளைச்சுட்டே? முகத்துல களையே இல்லை."

"ஆமாண்ணே, கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு," என்றாள் ஜெசிந்தா. "பாக்கவே சகிக்கலை."

"இந்த உடம்போட உன்னை எப்படி இங்க விடறது? ரெண்டு கிலோ ஏத்திட்டு வா, கையெழுத்துப் போடறேன்."

மகிழரசி முகமூடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, மயக்குநரைப் பார்த்தாள்.

"ஐசோ இன்னும் எவ்வளவு இருக்கு?"