துவைக்கக் கூடாத சாக்ஸ்

"யாருங்க என் சாக்ஸைத் துவைச்சது?"

கதவை இடித்துத் திறந்துகொண்டு வந்து நின்றவனை கிரெட்டா நிமிர்ந்து பார்த்தாள். ஆறடிக்கு மேல் உயரம். கையில் ஒரு ஜோடி சிவப்பு சாக்ஸ்... முழங்கால் வரை இழுத்துப் போடுகிற பேஸ்பால் சாக்ஸ். கோபத்தில் கன்றிப்போன முகத்தில் சாம்பல் நிறக் கண்கள் இரண்டு. மழைக்கு முன்னால் வானம் இருக்குமே, அந்த நிறம். இவ்வளவு அழகான கண்ணை வைத்துக்கொண்டா ஒருவன் இப்படிக் கத்துவான்?

"நான்தான். ஏன், சுத்தமா இல்லையா?"

"சுத்தமா இருக்கு. அதாங்க பிரச்சினையே."

"புரியலை..."

"ஒன்பது ஆட்டமா ஜெயிச்சுக்கிட்டே இருக்கோம். ஒன்பது ஆட்டமா இதைத் துவைக்கலை. ஜெயிக்கிறப்போ சாக்ஸ்ல தண்ணி படக் கூடாதுன்னு பால்வாடிப் புள்ளைக்குக்கூடத் தெரியும்."

"அப்படியா? அது பெஞ்சு மேல கிடந்துச்சு. வாடை வாசல் வரைக்கும் வந்து என்னைக் கூப்பிட்டுச்சு. பாவமேன்னு துவைச்சேன்."

அவன் உதடு சிரிக்கப் பார்த்தது. சிரித்தால் கௌரவம் என்னாவது? பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டான்.

"இன்னைக்குத் தோத்தோம்னா..."

"தோத்தா பழியை என் தலையில போட்டுடுங்க. ஜெயிச்சா?"

"ஜெயிச்சா வந்து உங்க கால்ல விழறேன்," என்று சொல்லிவிட்டு, ஈரம்கூடச் சரியாகக் காயாத சாக்ஸோடு போய்விட்டான்.

மைதானத்துப் படிக்கட்டுகளுக்கு அடியில் இருக்கிற சலவை அறையில் கிரெட்டாவுக்கு அன்றுதான் முதல் நாள். வேறு கல்லூரியிலிருந்து ஜனவரியில்தான் இங்கே மாறி வந்திருந்தாள். வகுப்பு, நூலகம், விடுதி... மூன்று இடத்திலும் அவள் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. சாப்பாட்டுக் கூடத்தில் தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து பழகிப்போயிருந்தது. சும்மா இருக்கிற மாலையில் துணியாவது துவைப்போமே என்று இந்த வேலையில் சேர்ந்தாள். சேர்ந்த அன்றே சண்டை.

அவளுக்கு என்ன தெரியும்? பேஸ்பால் ஆடுகிறவனுக்குச் சாமி நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, சாக்ஸ் நம்பிக்கை கட்டாயம் இருக்கும். அதிலும் எங்கள் கல்லூரி, ஐயோவா மாநிலத்துச் சோளக்காட்டுக்கு நடுவே தொடங்கின நாளிலிருந்து ஒரு கோப்பையைக் கண்ணால் பார்த்ததில்லை. கோப்பை வைக்கச் செய்த கண்ணாடி அலமாரியில் கோச் தன் மழைக்கோட்டைத்தான் மாட்டி வைத்திருந்தார். எங்களைக் குறை சொல்லாதீர்கள்.

அன்று சாயங்காலம் வெண்டல்... அதுதான் அவன் பெயர், அணியின் கேட்சர், அடிப்பவனுக்குப் பின்னால் குந்திப் பந்தைப் பிடிக்கிறவன்... முதல் பந்தையே வேலிக்கு அந்தப் பக்கம் அனுப்பினான். ஹோம் ரன். ஆட்டம் முடிந்ததும் சலவை அறை வாசலில் இரண்டு பேர் நின்றார்கள்.

"நான் ஓட்டிஸ். இவன் கால்ல விழப் போறதா சொன்னான். சாட்சிக்கு வந்தேன்," என்றான் கூட வந்த ஒல்லிப் பையன்.

வெண்டல் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, சேறு பூசின முழங்காலை மடித்துத் தரையில் உட்கார்ந்தே விட்டான்.

"ஐயய்யோ, எழுந்திரிங்க..." கிரெட்டாவுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது.

"இனிமே ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாடியும் இந்தப் பொண்ணு கையாலதான் துவைக்கணும். டீம் முடிவு பண்ணியாச்சு," என்று ஓட்டிஸ் தீர்ப்புச் சொன்னான்.

அப்புறம் என்ன... ஏப்ரல் முழுக்க அவன் வந்தான். ஆட்டம் இருக்கிற நாளில் சாக்ஸோடு வந்தான். இல்லாத நாளில் ஒரு துண்டைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"இந்தத் துண்டு சுத்தமாத்தானே இருக்கு?" என்பாள்.

"இன்னும் கொஞ்சம் சுத்தமா இருந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு."

"உன் பாக்கெட்லேர்ந்து, நீ ஆட்டத்துல மெல்லுற சூரியகாந்தி விதை ஒரு கூடை எடுத்தேன். மெஷின் அடைச்சுக்கிச்சு. நீ ஆடப் போறியா, விதைக்கப் போறியா?"

"நீதானே விவசாயம் படிக்கிற. முளைச்சா சொல்லு."

மெஷின் சுற்றும். அவள் மடியில் மண்ணியல் புத்தகம் விரிந்திருக்கும்; ஒரு வரிகூட ஏறாது. அவன் எதிர் பெஞ்சில் சாய்ந்துகொண்டு, பந்து வீசுகிறவனுக்குக் கேட்சர் விரலால் காட்டுகிற சைகைகளை அவளுக்குச் சொல்லிக்கொடுப்பான். ஒரு நாள் ருபார்ப் பை என்கிற புளிப்பும் இனிப்புமான பலகாரத்தை வாங்கி வந்து, முள்கரண்டியை மறந்துவிட்டு, இரண்டு பேரும் கையாலேயே பிய்த்துத் தின்றார்கள். அவன் "கிரெட்டா" என்று கூப்பிடும்போதெல்லாம், இது தன் பெயர்தானா, இவ்வளவு நன்றாகவா இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றும். ராத்திரி படுக்கும்போது யாருக்கென்று தெரியாமலே நன்றி சொல்லிவிட்டுத் தூங்கினாள்.

அணி ஜெயித்துக்கொண்டே இருந்தது. இறுதி ஆட்டம் எங்கள் மைதானத்திலேயே நடப்பதாக முடிவாயிற்று. ஊரில் கடைக்குக் கடை சிவப்புக் கொடி.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள். துவைத்த ஜெர்சிகளைத் தள்ளுவண்டியில் வைத்து உடை மாற்றும் அறைக்கு எடுத்துப்போனாள் கிரெட்டா. கதவு கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே ஓட்டிஸ் குரல்.

"மச்சான், நாளைக்கு ஒரு நாள்தான். அதுவரைக்கும் அந்தப் பொண்ணு மனசு கோணாம வச்சுக்கோ. அவதான் நம்ம அதிர்ஷ்டம். கோப்பை கைக்கு வந்துட்டா அப்புறம் உன் இஷ்டம்."

கிரெட்டா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இல்லைடா, அப்படியில்லை என்று சொல்வான்... சொல்லிவிடேன் வெண்டல்...

"தெரியும்டா. நான் பாத்துக்கறேன்," என்றான் வெண்டல்.

தள்ளுவண்டியை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினாள். கண் எரிந்தது. அப்போ அந்தத் துண்டு, அந்தப் பலகாரம், அந்தச் சிரிப்பு எல்லாம் கோப்பைக்காகவா? நான் என்ன மனுஷியா, அதிர்ஷ்டத்துக்கு வாசலில் அடிக்கிற குதிரை லாடமா? அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அழுதாள். ஆனாலும் வேலை வேலைதான். சாக்ஸைத் துவைத்து, காயவைத்து, சலவை அறைக் கதவின் கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்டு, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அவன் வந்து தட்டினான். கூப்பிட்டான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான்.

மறுநாள் அவள் ஆட்டம் பார்க்கப் போகவில்லை. சலவை அறையிலேயே உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேலே மரப்படிகளில் ஊரே மிதித்துக்கொண்டிருந்தது. கூட்டம் கத்தினால் நம் பக்கம் நல்லது நடக்கிறது, அடங்கினால் கெட்டது. ரொம்ப நேரமாக அடங்கியே இருந்தது. ஏழாவது சுற்றில் ஒரு ஓட்டம் பின்தங்கியிருக்கிறோம் என்று மேலே யாரோ புலம்பியது கேட்டது.

அப்போதுதான் மழை வந்தது.

சும்மா மழையா அது... எங்கள் பக்கத்து மே மாத மழை. ஆட்டத்தை நிறுத்தி, மைதானத்தின் மேல் பெரிய தார்ப்பாயை இழுத்து மூடினார்கள். படிகளின் இடுக்கு வழியே தண்ணீர் நூல் நூலாக இறங்கியது. கதவு தட்டப்பட்டது.

"கிரெட்டா. கதவைத் திற. இல்லைன்னா நான் நிமோனியா வந்து சாவேன், பாவம் உனக்குத்தான்."

திறந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றான். மார்புக் கவசமும் முழங்கால் காப்பும் கழற்றாமல் ஓடி வந்திருக்கிறான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது கண்ணில் பட்டது அவன் கால். வெள்ளை சாக்ஸ். கடையில் வாங்கின மடிப்புக்கூடக் கலையாத புது வெள்ளை சாக்ஸ்.

"எங்க அது?" என்றாள், தன்னை மீறி.

"காலையிலேயே குப்பைத் தொட்டியில போட்டேன். குப்பை வண்டியும் வந்து எடுத்துட்டுப் போயிடுச்சு."

"உனக்குப் பைத்தியமா? இறுதி ஆட்டம் வெண்டல்... நீங்க தோத்துக்கிட்டு இருக்கீங்க..."

"ஆமா. ஓட்டிஸ் என் காலைப் பாத்ததுலேர்ந்து எங்கூடப் பேசலை. கோச் பாக்கவே மாட்டேங்கறார். தோத்தா இந்த ஊர்ல எனக்கு ஒருத்தனும் சோறு போட மாட்டான்."

"அப்புறம் ஏன்..."

"வேற எப்படி நீ நம்புவே?" அவன் ஈர முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டான். "நேத்து கதவுக்கு வெளிய அந்தத் தள்ளுவண்டி தனியா நின்னுச்சு. நீ கேட்டுட்டேன்னு புரிஞ்சுபோச்சு. ஓட்டிஸ்கிட்ட, போடா, அவளை எனக்குப் பிடிக்கும்னு சொல்லியிருக்கணும். சொன்னா எல்லாரும் ஓட்டுவாங்கன்னு பயந்தேன். தப்பு என்னோடதுதான். அதிர்ஷ்டத்துக்காகத்தான் இவன் வர்றான்னு நினைச்சிருப்பே. அதான் அதிர்ஷ்டத்தைத் தூக்கிப் போட்டுட்டு வெறுங்கையோட வந்திருக்கேன். உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு கிரெட்டா. ரொம்ப..."

மழை மேலே கொட்டிக்கொண்டிருந்தது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் நேற்று பட்ட அடி இன்னும் ஆறவில்லையே.

"இப்போ நான் சரின்னு சொல்லி, நீங்க ஜெயிச்சா, அதையும் உங்க ஆளுங்க அதிர்ஷ்டக் கணக்குல எழுதுவாங்க," என்றாள் மெல்ல. "எனக்கு வேண்டாம். போய் ஆடு."

அவன் அந்தச் சாம்பல் கண்ணால் ஒரு தடவை பார்த்தான். கோபப்படவில்லை. "சரி. கதவைத் திறந்தியே, அதுக்கு ரொம்ப நன்றி," என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனான்.

மழை விட்டது. தார்ப்பாயைச் சுருட்டினார்கள். எட்டாவது சுற்றில் மேலே மரப்படிகள் இடிந்து விழுவதுபோல ஆரவாரம். ஓட்டிஸ் அடித்த அடியில் இரண்டு பேர் ஓடி வந்துவிட்டார்களாம். நாம் ஒரு ஓட்டம் முன்னால்.

கிரெட்டாவுக்கு அதற்குமேல் உட்கார முடியவில்லை. ஜெயித்த பிறகு சொன்னால் ஜெயித்தவனுக்குச் சொன்னதாக ஆகும். தோற்ற பிறகு சொன்னால் பரிதாபம் என்று ஆகும். அவன் வெறுங்கையோடு வந்தான். நான் மட்டும் முடிவு தெரிந்த பிறகு பத்திரமாகச் சொல்ல வேண்டுமா? படியேறி, கூட்டத்தை விலக்கி, முன்வரிசை வலை வரைக்கும் போனாள். கேட்சர் குந்தி உட்காருகிற இடத்துக்கு நேர் பின்னால் அந்த வலை.

கடைசிச் சுற்று. இன்னும் ஒருவனை வெளியேற்றினால் கோப்பை. எதிரணிக்காரன் ஒருத்தன் மூன்றாவது முனையில், அடிக்கிற இடத்துக்கு ஓடி வந்து ஆட்டத்தைச் சமமாக்கத் தயாராக நிற்கிறான். அடிப்பவன் இரண்டு தடவை தவறவிட்டாயிற்று. இன்னொன்று தவறினால் முடிந்தது. பந்து வந்தது. மட்டையின் நுனியில் பட்டுப் பின்பக்கமாக உயர எழும்பியது. முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு அண்ணாந்தபடியே ஓடி வந்தான் வெண்டல். பந்து வலையைத் தாண்டிக் கூட்டத்தில் விழுந்தது; அது கணக்கில் சேராது, மறுபடி வீச வேண்டும். அவன் வலையில் வந்து மோதி நின்றான். ஒரு சாண் தூரத்தில் கிரெட்டா.

"நீ... இங்க..."

"எனக்கும் உன்னைப் பிடிச்சிருக்கு," என்றாள். உள்ளங்கையை விரித்து வலைமேல் வைத்தாள். "ஜெயிப்பியா தோப்பியான்னு தெரியறதுக்கு முன்னாடியே சொல்றேன். இந்த ஊர்ல என் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட முதல் ஆள் நீதான் வெண்டல். அதுக்கு நான் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை..."

"கேட்சர், வர்றியா இல்லையா?" என்றார் பின்னால் அம்பயர்.

"ஒரு நிமிஷம் சார். வாழ்க்கைப் பிரச்சினை."

"எனக்கும் கேட்டுச்சு. அந்தப் பொண்ணு சரின்னு சொல்லிடுச்சு. வந்து உட்காரு."

அவன் போய் உட்கார்ந்தான். முகமூடிக்குள் சிரிக்கிறான் என்பது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. விரலால் சைகை காட்டினான். பந்து வந்தது. மட்டை காற்றைத்தான் வெட்டியது. அவன் கையுறைக்குள் பந்து அறைந்த சத்தம் ஊருக்கே கேட்டது.

பேஸ்பாலில் கோப்பையை ஜெயித்த கேட்சர் எங்கே ஓடுவான் என்பது எல்லோருக்கும் தெரியும். நேரே ஓடிப் பந்து வீசினவனைக் கட்டிக்கொள்வான். மற்றவர்கள் மேலே விழுவார்கள். அன்றும் மற்ற எல்லோரும் அங்கேதான் ஓடினார்கள். எங்கள் கேட்சர் மட்டும் எதிர்த்திசையில் ஓடி வந்தான். வலைமேல் விரித்து வைத்த அவளுடைய உள்ளங்கையோடு தன் உள்ளங்கையைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அழுதுகொண்டே அவள் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னான்.