பள்ளிக்கு மேலே போன இறக்கை

பள்ளி மாடி ஜன்னலருகே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஜெப்ஸி, விழுங்க மறந்து அப்படியே நின்றுவிட்டாள்.

கீழே தெருவில் ஒரு வெள்ளை இறக்கை வந்துகொண்டிருந்தது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலேறப் போகும் காற்றாலை இறக்கை! அதைச் சுமந்த லாரி பள்ளி வாசலைத் தாண்டிவிட்டது. இறக்கையின் நுனியோ இன்னும் தெருக்கோடி மருந்துக்கடையிலேயே இருந்தது.

"பெவின் அண்ணே, இங்கன வாங்களேன்!"

பெவின் பத்தாம் வகுப்பு. பள்ளி மன்றத்தின் தலைவன்.

அது சின்ன மாநகராட்சிப் பள்ளிதான். ஆனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. தெருவில் எந்தப் பிரச்சினை வந்தாலும் மாணவர்கள் மன்றமாகக் கூடிப் பேசுவார்கள். கை தூக்கி முடிவெடுப்பார்கள். திறந்து கிடந்த சாக்கடைக்கு மூடி வந்தது அவர்கள் மாநகராட்சிக்கு நடையாய் நடந்ததால்தான். ஏழாம் வகுப்பு ஜெப்ஸி மட்டும் மன்றத்தில் இதுவரை வாயே திறந்ததில்லை.

பெரிய சாலையைத் தோண்டியிருந்ததால் லாரி இந்தத் தெருவுக்குள் வந்திருந்தது. இப்போது முனையில் திரும்ப முடியாமல் நின்றது. பின்னால் ஒரே ஹாரன் சத்தம்.

முனையில்தான் ஞானசௌந்தரி அக்காவின் இட்லிக் கடை. எதிரே பள்ளி மைதானத்தின் சுவர்.

"தகரக் கூரையக் கழட்டினாத்தான் வண்டி திரும்பும்க்கா" என்றார் லாரியோடு வந்த மேற்பார்வையாளர் பேச்சிராஜா.

"கழட்டிட்டு நீங்க போயிருவிய. திரும்ப மாட்டுறது யாரு? எம் பொழப்பே இந்தக் கூரைக்கு அடியிலதான் அண்ணாச்சி!" அக்காவின் குரல் உடைந்தது.

மேலிருந்து பார்த்த ஜெப்ஸிக்கு ஒன்று தோன்றியது. கீழே ஓடினாள்.

"அண்ணாச்சி, எங்க மைதானம் காலியாத்தான கெடக்கு? அதுக்கு மேல எறக்கையோட வால விட்டுத் திருப்பினா கடைப்பக்கமே போக வேண்டாம்லா?"

பேச்சிராஜா சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "திருப்பலாம் பாப்பா. ஆனா அந்தக் கொடிக்கம்பத்துல இடிச்சிரும்லா."

ஜெப்ஸி தலைமையாசிரியை ஜெயஷீலாவிடம் ஓடினாள். "டீச்சர், கம்பத்தக் கழட்டலாமா?"

அவர் கம்பத்தையும் கடையையும் மாறி மாறிப் பார்த்தார். "மன்றத்தக் கேளு" என்றார்.

எல்லோரும் வராந்தாவில் கூடினார்கள்.

"கொடிக்கம்பத்தையா? பள்ளிக்கூடத்துக்கே அதான அழகு!" என்றான் பெவின்.

ஜெப்ஸி முதல்முறையாக மன்றத்தில் எழுந்து நின்றாள். பெவினைப் பார்த்துப் பேசினாள்.

"அடியில நாலு போல்ட்டுதான் அண்ணே. கழட்டினா சாயங்காலமே நிறுத்திரலாம். இன்னைக்குக் கொடியும் ஏத்தல. அக்கா கடை ஒடஞ்சா அப்படி நிறுத்த முடியுமா? அப்புறம் அதுக்கும் ஒரு மன்றம் கூட்டி, நாமதான் மாநகராட்சிக்கு நடக்கணும்!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். முதலில் உயர்ந்தது பெவின் கைதான். பிறகு வராந்தா முழுக்கக் கைகள்.

லாரி ஆட்கள் கம்பத்தைக் கழற்றிப் பத்திரமாகப் படுக்கவைத்தார்கள். மைதானத்தில் ஒருவரும் இறங்கக் கூடாது என்று டீச்சர் வராந்தா வாசலை மறித்து நின்றார்.

விசில் ஊதியது. லாரி மெல்லத் திரும்பியது.

சுவருக்கு மேலே இறக்கையின் நுனி எட்டிப் பார்த்தது. பிறகு உள்ளே வந்தது. வந்துகொண்டே இருந்தது. கோ-கோ கோடுகள் ஒவ்வொன்றாக அதன் நிழலுக்குள் மறைந்தன. வானத்தில் பாதியைக் காணவில்லை.

இரைச்சலுக்குப் பேர்போன ஆறாம் வகுப்புகூட மூச்சுக் காட்டவில்லை.

"திமிங்கலம்..." என்று முணுமுணுத்தான் குட்டி இனிகோ.

"இம்புட்டுப் பெருச, வெறும் காத்தா சுத்தும்?" பெவின் கிசுகிசுத்தான்.

ஜெப்ஸி அந்த வெள்ளை வயிறு தன் பள்ளியின் மேலே மிதந்து போவதை அண்ணாந்து பார்த்தபடியே இருந்தாள்.

தகரக் கூரையில் ஒரு கீறல்கூட விழவில்லை. ஞானசௌந்தரி அக்கா நெஞ்சில் கைவைத்து மூச்சுவிட்டார்.

திருப்பம் தாண்டியதும் அகலமான சாலை. கட்டுகளைச் சரிபார்க்க லாரியை ஓரமாக நிறுத்தினார்கள். பேச்சிராஜா பள்ளி வாசலுக்கு வந்தார்.

"யாரு யோசன இது?"

"மன்றத்தோட முடிவு அண்ணாச்சி" என்ற பெவின், ஜெப்ஸியை முன்னால் தள்ளினான். "சொன்னது இவதான்!"

"தொட்டுப் பாக்கியா பாப்பா?"

ஜெப்ஸி உள்ளங்கையை இறக்கையின் மேல் வைத்தாள். சிப்பியின் உட்புறம்போல வழவழவென்று இருந்தது. ஒருநாள் கடலுக்கு அப்பால், அவள் பார்க்காத ஓர் ஊரில் இது சுற்றும். யார் வீட்டிலோ விளக்கு எரியும்.

கையை எடுக்க மனமில்லாமல் திரும்பிப் பார்த்தாள்.

அவளுக்குப் பின்னால் பள்ளியே வரிசையில் நின்றது. வரிசையின் கடைசியில், புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஜெயஷீலா டீச்சரும் நின்றிருந்தார்.