இருபது பேர்ச் காணியும் வீடும்

அந்த வீட்டின் மூன்று அறைகளுக்கும் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது.

முதல் அறையில் அதைப் பார்த்தபோது தச்சன் கவனமில்லாமல் மாற்றிப் போட்டிருப்பான் என்று பஹ்மிதா நினைத்தாள். இரண்டாவது அறையிலும் அப்படியே. சமையலறையை ஒட்டிய பின்னறைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு. உட்பக்கம் பிடித்து இழுக்க ஒரு கைப்பிடிகூட இல்லை. கொப்பியைத் திறந்து, ‘கதவுகள்: நல்ல பலா மரம்’ என்று எழுதினாள். தாழ்ப்பாளைப் பற்றி வாங்க வருகிறவர் கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை மாத்தளை டவுனில் அவளுக்கு நேர்முகத் தேர்வு. காணியும் வீடும் விற்றுக் கொடுக்கும் நிறுவனம். அதன் மேலாளர் நிஸ்தார் தொலைபேசியில் சொல்லியிருந்தார். "சர்டிபிகட் எல்லாம் பொறகு பாப்பம் தங்கச்சி. நாவுலயில ஒரு வீடு ஈக்கு. போய்ப் பாருங்க, அளந்து எடுங்க. திங்கக்கெழம எங்கள வீடு வாங்க வந்த ஆக்கள் எண்டு நெனச்சி பத்து நிமிசம் அந்த வீட்டக் காட்டுங்க. நல்லாக் காட்டுறவங்களுக்குத்தான் வேல."

இந்த வேலை அவளுக்கு வேண்டும். கணவன் றம்ஸியை விட்டு வந்து இரண்டு வருடமாகக் கூடப்பிறந்த நானா அஸ்ஹரின் வீட்டில் முன்னறைச் சோபாவில் படுக்கிறாள். அஸ்ஹரோ மதினியோ ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் தானே உள்ளிருந்து பூட்டிக்கொள்ளக்கூடிய ஓர் அறை தனக்கு வேண்டும் என்று தினமும் நினைத்தாள். றம்ஸியிடமிருந்து கொண்டு வந்தது இரண்டு உடுப்புப் பையும் கேட்காத இடது காதும்தான். அவன் அடித்த அடியில் செவிப்பறை கிழிந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் வெறும் பஞ்சு அடைத்த மௌனம்.

வீட்டுச் சாவியைச் சந்தியில் நிரோஜாவின் தேத்தண்ணிக் கடையில் வாங்கி வந்திருந்தாள்.

"வெளிச்சம் இருக்கிறப்பவே பாத்துட்டு வந்துருங்க அக்கா," என்றாள் நிரோஜா, சாவியை மேசையில் வைத்து. கையில் கொடுக்கவில்லை.

"வீட்டுக்காரர் எங்க?"

"போன வருசம் செத்துட்டாருங்க. அந்த வீட்டுலதான். இப்ப அவரு தம்பிதான் விக்கிறாரு."

"அவர்ட சம்சாரம்?"

நிரோஜா கண்ணாடிக் குவளையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "அவங்க அதுக்கு முன்னாடியே போயிட்டாங்கன்னு அவரு சொன்னாரு. போனத நாங்க யாரும் பாக்கலிங்க."

இப்போது பஹ்மிதா முன்னறையின் நடுவில் நின்று, எதிரில் ஆட்கள் நிற்பதாக நினைத்துச் சொல்லிப் பார்த்தாள். "இது முன்னறை. பதினாலுக்குப் பன்னிரண்டு அடி. காலையில வெயில் நேரா உள்ள வரும். சுத்திவர இருபது பேர்ச் காணி, பின்னால நாலு தென்னமரம், ஒரு கறுவாப் புதர்." முதல் தடவை வேகமாகச் சொல்லி முடித்துவிட்டாள். மறுபடியும் சொன்னாள். மூன்றாம் தடவை நன்றாக வந்தது. தன் குரல் ஓட்டுக் கூரை வரை போய்த் திரும்பி வருவதைக் கேட்டு அவளே சிரித்துக்கொண்டாள்.

அப்போது அஸ்ஹர் அழைத்தான். "எங்க புள்ள ஈக்கிற?"

"வீட்டுலதான் நானா. பின்னறய மட்டும் அளக்கணும்."

"மழ கறுத்துட்டு வருது. பஸ்ஸ நம்பாத. நான் பைக்க எடுத்துட்டு வாறேன், அங்கயே நில்லு."

அளவு நாடாவைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும் என்பதால், கைபேசியை முன்னறை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போனாள்.

மற்ற அறைகளில் சிவப்புப் பூச்சுத் தரை, கால் பட்டுப் பட்டு மங்கியது. இங்கே புதுச் சீமெந்து, அவசரத்தில் போட்டது போல மேடும் பள்ளமுமாக. சுவரின் வெள்ளைப் பெயின்ட் வாடைக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது; ஈரக் கையில் நெடுநேரம் பிடித்திருந்த இரும்பின் வாடை. ஒரே ஜன்னல், அதற்கும் பலகை அறைந்திருந்தது. வாசல் வழியாக வந்த சாம்பல் வெளிச்சத்தில், கதவின் உட்பக்கத்தில் முழங்கால் உயரத்துக்குக் கீழே நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள் தெரிந்தன. விரல் வைத்துப் பார்த்தாள். நான்கு நான்காகக் கீறல்கள். நகங்கள்.

நாடாவின் நுனியைச் சுவரோரம் வைக்கக் குனிந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

தொம்.

நெல் மூட்டையைச் சுவரில் எறிந்தது போல. பஹ்மிதா நிமிர்ந்தாள். ஓட்டின் மேல் மழை விழத் தொடங்கியிருந்தது, தூரத்தில் ஒரு டிராக்டர் போய்க்கொண்டிருந்தது, வேறொன்றுமில்லை. வலது காதைக் கையால் பொத்தினாள். மழை நின்றது. டிராக்டர் நின்றது.

தொம்.

அது இடது காதில் கேட்டது.

இரண்டு வருடம் செத்துக் கிடந்த காதில், ஒரு கை தூரத்தில், ஓர் உடம்பு சுவரில் மோதியது. பிறகு ஓர் ஆணின் மூச்சு, வேலை செய்து களைத்தவனின் மூச்சு. அதற்கும் கீழே, வாய்க்குள்ளேயே நசுக்கப்பட்ட ஒரு பெண்ணின் முனகல். அந்த முனகலைப் பஹ்மிதா அறிவாள். அக்கம்பக்கத்துக்குக் கேட்கக் கூடாது என்று ஷாலின் நுனியைக் கடித்துக்கொண்டு அவளும் அப்படித்தான் முனகியிருக்கிறாள். அவர்களுக்குக் கேட்டிருந்தது என்பதும் தெரியும். ஒவ்வொரு தடவையும் பக்கத்து வீட்டில் டீவியின் சத்தம் கூடும்.

போக வேண்டும். வாசலை நோக்கித் திரும்பினாள்.

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. மேல் தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு கீழ்த் தாழ்ப்பாள்.

இருட்டு. பலகை இடுக்கில் ஒரு விரல் அகல வெளிச்சம். அந்த வெளிச்சக் கீற்றில், சுவரின் வெள்ளைப் பூச்சு ஒரு தலையளவுக்கு உள்ளே நொறுங்கியது. சுண்ணாம்புத் தூள் கொட்டியது. மறுபடியும் அதே இடத்தில். இன்னும் ஆழமாக. மூன்றாம் தடவை சுவர் ஈரமாகியது. அந்த ஈரம் கீழ்நோக்கி வழிந்தது. கறுப்பாகத் தெரிந்தது. சூடான துளிகள் பஹ்மிதாவின் புறங்கையில் தெறித்தன. பிறகு ஏதோ தரையோடு இழுபட்டது. குதிகால்கள் சீமெந்தில் உரசும் சத்தம். ஒரு விரல் ஒடியும் சத்தம். காய்ந்த சுள்ளி ஒடிவதைப் போல, அவ்வளவு சாதாரணமாக.

முனகல் நின்று, கரகரப்பாகியது. தொண்டையைப் பிடித்திருக்கிறான்.

அவளால் சும்மா நிற்க முடியவில்லை. தனக்காக ஒருநாளும் போடாத சத்தத்தைப் பஹ்மிதா போட்டாள்.

"விடுங்க! அவளை விடுங்க! செத்துப் போயிருவா!"

எல்லாம் நின்றது.

கரகரப்பு இல்லை. மூச்சு இல்லை. மழைகூட ஒதுங்கியது போலிருந்தது. கீழே எதையோ போட்டுவிட்டு யாரோ எழுந்து நிற்கும் சத்தம். முழங்கால் மூட்டு சொடக்கிட்டது. பிறகு காலடிகள் திரும்பின.

அவளை நோக்கி.

பின்னால் நகர்ந்தாள். முதுகில் கதவு. ஒரு காலடி. இன்னொரு காலடி. வெளிச்சக் கீற்று மறைந்தது. அதற்கும் அவளுக்கும் நடுவில் ஏதோ நின்றது.

முதல் அடி வலது காதில் விழுந்தது.

மழைச் சத்தம் அணைந்தது. விழுந்தாள். வயிற்றில் ஓர் உதை. விலாவில் ஒன்று. தலைமயிரைப் பிடித்துத் தூக்கி, முகத்தைச் சீமெந்தில் அடித்தது. வாய்க்குள் ஒரு பல் உருண்டது. இரத்தம் உப்பாக இருந்தது. நகங்களால் காற்றைப் பிராண்டினாள். அவள் நகங்களுக்குள் தோல் சிக்கியது. ஆனால் அங்கே யாரும் இல்லை. யாருமே இல்லை.

திடீரென்று வெளிச்சம்.

கதவு திறந்திருந்தது. அஸ்ஹர் நின்றான், மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் ஒழுக. அவன் வாய் அசைந்தது. "பஹ்மி", என்று உதடுகள் சொல்வதைப் பார்த்தாள். கேட்கவில்லை. அவன் ஓடிவந்து மண்டியிட்டு, அவள் முகத்தைக் கையில் ஏந்தி, இரத்தத்தைப் பார்த்துக் கத்தினான். கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு சத்தமும் இல்லை. அவள் அவன் சட்டையைப் பிடித்து வாசலைக் காட்டினாள். "போவம் நானா, போவம்." தன் குரலே அவளுக்குக் கேட்கவில்லை.

அவளைத் தோளில் தாங்கி எழுப்பினான். வாசலுக்கு நான்கு அடி இருந்தது. மூன்று அடி.

அப்போது இடது காதில் அந்த ஆண் பேசினான். கோபமே இல்லை. வேலை முடிந்து சோற்றுக்கு உட்காரும் கணவனின் குரல்.

"கதவச் சாத்து. ஆக்களுக்குக் கேக்கும்."

அவள் தோளைச் சுற்றியிருந்த அஸ்ஹரின் கை விலகியது. திரும்பிப் பார்த்தாள். அவனுடைய கால்கள் தரையிலிருந்து ஒரு சாண் மேலே இருந்தன. ஒரு செருப்பு கழன்று விழுந்தது. கைகள் தன் கழுத்தருகே எதையோ பிடுங்கப் பார்த்தன; பிடுங்குவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

திறந்த வாசல் ஓர் எட்டில் இருந்தது. அவள் போகவில்லை. பாய்ந்து அவன் முழங்கால்களைக் கட்டிப் பிடித்து, இருந்த பலம் முழுவதையும் திரட்டி மேலே தூக்கினாள். ஒரு கணம் அவன் பாரம் அவள் மேல் வந்தது. பிறகு அதற்கு மேலும் ஒரு பாரம் வந்தது. அவள் கால்கள் மடிந்தன. விடவில்லை. கத்தினாள், சந்தி வரைக்கும் கேட்கும்படி, நிரோஜாவின் கடை வரைக்கும் கேட்கும்படி, தொண்டை கிழியக் கத்தினாள்.

மேலே பார்த்தாள்.

அஸ்ஹரின் கழுத்தில், ஈரத் தோலில், ஐந்து பள்ளங்கள். இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் ஒன்று. அவன் கண்கள் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. பள்ளங்கள் மெதுவாக, அவசரமே இல்லாமல், இன்னும் ஆழமாகிக்கொண்டிருந்தன.